ஆடி மாசம் முழுக்க லைன் ஒண்ணு

ஏனுங்க கண்ணு, கழுத்துல அட்டை தொங்குதே, கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைங்களா? நெனச்சேன். அந்த அட்டையப் பாத்துத்தான் பின்னால காலியாக் கெடந்த சீட்ட விட்டுப்போட்டு இங்க வந்து உக்காந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. யாருகிட்டயாவது சொல்லோணும்னு உடுமலையில ஏறுனதுல இருந்தே நெனச்சுட்டு வாரேன். ஊட்டுல சொன்னா எங்க ஊட்டுக்காரரு ரெண்டு பக்கமும் விசாரிச்சு நியாயம் பேச ஆரம்பிச்சிருவாரு. நீங்க அசலாளு, கேட்டுட்டு எறங்கிப் போயிருவீங்க. தாராபுரம் போறதுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். தூக்கம் வந்தாச் சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.

என்ற பேரு சுலோச்சனா. உடுமலையில பூங்கொடி பிரஸ்ஸுன்னு ஒண்ணு இருக்குது, கல்யாணப் பத்திரிகை அடிக்கற எடம். அங்க பதினாறு வருசமா கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறேன். பக்கத்து சேர்ல ஆபிதா. அவ வந்து பதினாலு வருசம் ஆச்சு. என்னையவிட ஒம்பது வயசு சின்னவ, அக்கா அக்கான்னு பின்னாலயே வருவா. நம்ம சனத்து வீட்டுப் பத்திரிகையெல்லாம் நானு, பாய் வீட்டுப் பத்திரிகையெல்லாம் அவ. சர்ச்சுக் கல்யாணம் வந்தா யாரு கை சும்மா இருக்குதோ அவிய அடிப்போம்.

எங்களுக்குள்ள ஒரு பழக்கமுங்க. நான் அடிச்சத அவ படிச்சுத் தப்புப் பாப்பா, அவ அடிச்சத நான் பாப்பேன். அவனவன் தப்பு அவனவன் கண்ணுக்குத் தெரியாதல்லீங்க. ஒருக்கா மாப்பிள்ளையோட தாத்தா பேர மாப்பிள்ளை எடத்துல போட்டுப்போட்டேன், அவதான் புடிச்சா. ஆனா ரெண்டு பேருமே ரெண்டாவது வரியில இருந்துதான் படிப்போம். மேல் வரி சாமி சமாச்சாரம். என்ற பத்திரிகையில மேல பிள்ளையார் சுழி இருக்கும், அவளோடதுல 786 இருக்கும். என்றத அவ தொட மாட்டா, அவளோடத நான் தொட மாட்டேன். யாரும் சொல்லி வெச்சதில்ல, தானா அப்படியே வந்துருச்சு. பத்திரிகை எத்தன வரின்னு எண்ணுறப்பக்கூட அத விட்டுட்டுத்தான் எண்ணுவோம். பதினெட்டு வரின்னு நான் சொன்னா, சுழி போகப் பதினெட்டு.

இப்ப யாருங்க பத்திரிகை அடிக்கறாங்க. எல்லாம் போன்லயே அனுப்பிப்போடறாங்க. அதனால எங்க ஓனர் கனகசபாபதி அண்ணன், ஆடி ஒண்ணாந்தேதி எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டாரு. ஆடியில கல்யாணம் கெடையாது, பிரஸ்ஸே தூங்கும். 'சும்மாதான உக்காந்திருக்கீங்க, ஒரு வெப்சைட்டு பண்ணுங்க'ன்னாரு. ஊட்டுல இருந்தபடியே சனங்க டிசைன் பாக்கோணும், பொண்ணு பேரு மாப்பிள்ளை பேரு எல்லாத்தையும் அவியளே அடிக்கோணும், அது போயி டேட்டாபேஸுல உக்காரோணும், அங்கிருந்து பத்திரிகையா வெளிய வரோணும். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்காரங்களக் கேட்டுப் பாத்தாராம், அவிய பேச்சே இவருக்குப் புடிக்கலையாம்.

எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்களேன்னு சொன்னேன். 'பத்திரிகை அடிக்க மட்டும் பொறக்கறப்பவே தெரியுமா'ன்னு கேட்டுப்போட்டாரு. அதுவரைக்கும் செரி. பொறவு ஒண்ணு சொன்னாரு பாருங்க, டீ வாங்கியாங்கன்னு சொல்ற மாதிரி சாதாரணமா.

"யாரு மொதல்ல ஓட வெக்கறீங்களோ அவிய இருங்க. ஆவணியில இருந்து எனக்கு ஒரு சேரு போதும்."

வெளிய வந்து டீக்கடையில நின்னோம். ஆபிதாதான் பேச்ச எடுத்தா. அக்கா, எது தெரிஞ்சாலும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிப்போடலாம், மத்தது நடக்கறபடி நடக்கட்டும்னா. நானும் செரீன்னு கையில அடிச்சுக் குடுத்தேன். அடிச்சுக் குடுத்தேனுங்க, மறைக்கல.

அப்பறம் படிப்பு. ஒரு வீடியோவுல ஒரு பொண்ணு சொல்லித் தருது. மெட்ராஸ் பேச்சு. எது எடுத்தாலும் 'இது ரொம்ப சிம்பிள்ங்க'ன்னு ஆரம்பிக்கும். ஒரே போனு, காதுல மாட்டற ஒயர்ல ஒண்ணு என்ற காதுல, ஒண்ணு அவ காதுல. அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லும், நாங்க நிறுத்திப்போட்டு ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ல அடிப்போம். பத்து நாள்ல பக்கம் வந்துருச்சு, பேரு அடிக்கற பெட்டி வந்துருச்சு, டேட்டாபேஸும் வந்துருச்சு. எனக்கே ஆச்சரியம். என்ற பையன் காலேஜுல இதத்தான் நாலு வருசம் படிக்கறானாம்.

பேரு அடிச்சுப் பாத்தோமுங்க. செல்வன் எடத்துல பூரா கேள்விக்குறி, செல்வி எடத்துலயும் பூரா கேள்விக்குறி. மாப்பிள்ளை யாருன்னு பொண்ணுக்குத் தெரியல, பொண்ணு யாருன்னு மாப்பிள்ளைக்குத் தெரியல, இதென்ன கல்யாணமக்கான்னு ஆபிதா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அந்த மாசத்துல நாங்க சேந்து சிரிச்சது அதுதான் கடசி.

டேட்டாபேஸுக்குத் தமிழ் புரியலையாம். அதுக்கு நாம சொல்லி வெக்கோணுமாம். செட்டிங் ஃபைலுன்னு ஒண்ணு எழுதோணும், ஆறே வரி. மொத வரியில சதுரமா ஒரு அடைப்புக்குறி, அதுக்குள்ள ஒரு வார்த்தை. அதுதான் தலைப்பு. மீதி அஞ்சு வரி அதுக்குக் கீழ. சேவ் பண்ணிப்போட்டு டேட்டாபேஸ நிறுத்தி மறுபடியும் ஸ்டார்ட் பண்ணோணும். ரொம்ப சிம்பிள்ங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

நான் புது ஃபைல் தொறந்தேன். புது ஃபைல் தொறந்தா கை மொதல்ல என்ன பண்ணுங்க? சுழி போடும். பதினாறு வருசமா நான் சுழி போடாம ஒரு ஃபைல் தொறந்ததில்ல. ஊட்டுல மளிகைச் சீட்டு எழுதுனாலும் போட்டுட்டுத்தான் பருப்பு எழுதுவேன். போட்டேன். கீழ ஆறு வரி அடிச்சேன், ஒண்ணுக்கு நாலு தடவ செரி பாத்தேன், சேவ் பண்ணி ஸ்டார்ட்ட அமுக்கினேன்.

செவப்பு. ஓடவே மாட்டேங்குது. இங்கிலீசுல நாலு வரி திட்டு. அதுல எனக்கு வெளங்கினது 'லைன் ஒண்ணு'ங்கறது மட்டுந்தான். ஆபிதா போன்ல போட்டுத் தமிழ்ல மாத்தினா. 'முந்தைய குழு இல்லாத விருப்பம் கண்டறியப்பட்டது'ன்னு வந்துச்சு. நான் மகளிர் குழுவுல இருக்கறவ. இது எந்தக் குழு, யாரோட விருப்பம்னு ஒரு நாள் பூரா எனக்கு யோசனை.

செரி, லைன் ஒண்ணுல தப்பு. என்ற லைன் ஒண்ணு எது? அந்தச் சதுர அடைப்புக்குறி. அழிச்சுட்டு மறுபடி அடிச்சேன். வளைஞ்ச அடைப்புக்குறி போட்டுப் பாத்தேன். அதுக்குள்ள இருந்த வார்த்தைய எழுத்தெழுத்தா வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஒருக்கா அந்த வரியவே தூக்கிப்போட்டேன், அப்பவும் லைன் ஒண்ணு. மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினேன், அப்பவும் லைன் ஒண்ணு. சகுனம் செரியில்லையோன்னு வெள்ளிக்கெழம நல்ல நேரம் பாத்து ஒரு புது ஃபைல் போட்டு, சுழிக்குக் கீழ 'முருகன் துணை'யும் சேத்து அடிச்சேன். அப்பவும் பாருங்க, லைன் ஒண்ணு.

சிரிக்கறீங்க. உங்களுக்கு இப்பவே தெரிஞ்சு போச்சு. அட்டை போட்டவியளாச்சே, தெரியாம இருக்குமா. எனக்குத் தெரியலீங்களே கண்ணு. பிள்ளையாரச் சேத்து யாராவது வரி எண்ணுவாங்களா?

இதுல ஒரு கூத்து என்னன்னா, ஆபிதாவுக்கும் அதே திட்டு. அதே செவப்பு, அதே குழு, அதே லைன் ஒண்ணு. எங்களுக்கு மனசு லேசாயிருச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வருதுன்னா தப்பு எங்க மேல இல்ல, சொல்லிக் குடுத்த பொண்ணு மேலதான். வீடியோவுக்குக் கீழ, 'நீங்க சொல்ற மொத வரி தப்புங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க'ன்னு எழுதினோம். அது ஒரு சிரிக்கற மூஞ்சியும் ரெண்டு பூவும் போட்டுப்போட்டுப் போயிருச்சு.

அதுக்கு மூணாம் நாளுங்க. மத்தியானம் ஆபிதா பின்னால பேப்பர் ரூமுக்குத் தொழுகப் போயிருந்தா. நான் அவ சேர்ல உக்காந்து அவ ஃபைல எட்டிப் பாத்தேன். வேற எதுக்கும் இல்ல, அவ அடைப்புக்குறி எப்படிப் போட்டிருக்கறான்னு பாக்கத்தான். மேல 786 இருக்குது. பாத்த ஒடனே எனக்குப் பளிச்சுன்னு பட்டுருச்சு. அட, மெஷினுக்கு லைன் ஒண்ணு இதுதான். அதுக்கு 786னா என்ன தெரியும், ஏதோ நம்பர் தலைப்பில்லாம மொட்டையா நிக்குதுன்னு முழிக்குது. ஒரு நிமிசங்க கண்ணு. ஒரே நிமிசத்துல அவ தப்பப் புடிச்சுப்போட்டேன்.

என்றதுலயா? என்றதுல பாக்கலீங்க. நம்பர்னா மெஷின் கணக்குல எடுத்துக்கும், சுழின்னா சும்மா பாத்துட்டுப் போயிரும்னு எனக்கு ஒரு நெனப்பு. அது எப்படி அப்படித் தோணுச்சுன்னு இப்பக் கேட்டா எனக்கே சொல்லத் தெரியல.

அவகிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்க, மூஞ்சியிலயே தெரியுது. எப்படிங்க சொல்றது? அது அவிய சாமி சமாச்சாரம். 'ஏம்புள்ள, நீ மேல எழுதி வெச்சிருக்கறதுதான் தப்பு, அத எடு'ன்னு நான் சொல்லலாமுங்களா? ஒரு மருவாதி வேண்டாமா? பதினாலு வருசமா நான் தொடாத வரி அது. அவ மனசு என்ன பாடுபடும். அதனால மருவாதிக்கு வாய மூடிக்கிட்டேன். டீக்கடையில கையில அடிச்சுக் குடுத்தனேன்னு கேப்பீங்க. அது வந்துங்க, தெரிஞ்சதச் சொல்லோணும்னுதான பேச்சு. இது சந்தேகந்தான. ஓட வெச்சுப் பாத்தாத்தான தெரியும்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நெனப்பேன். செரி இன்னிக்குச் சொல்லீரலாம்னு வாயத் தொறக்கறப்ப ஓனர் அந்தப் பக்கமா வருவாரு. எங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு, ரெண்டு சேரையும் ஒருக்கா பாப்பாரு, போயிருவாரு. நான் திரும்பி என்ற கீபோர்டத் தட்ட ஆரம்பிச்சிருவேன். மருவாதி மருவாதின்னு நானே எனக்குள்ள சொல்லிக்குவேன்.

ஆபிதாவும் அதுக்கப்பறம் ஒரு மாதிரிதான் இருந்தா. என்ற ஸ்கிரீன்ல மேல் பக்கத்தையே பாப்பா, அப்பறம் என்னையப் பாப்பா, பொறவு தரையப் பாப்பா. ஏதோ சொல்ல வருவா. என்ன கண்ணுன்னு கேப்பேன். ஒண்ணுமில்லக்காம்பா. எனக்கு ஒரே கோபம். இவ எதையோ கண்டுபுடிச்சுப்போட்டு எங்கிட்ட மறைக்கறா, டீக்கடையில பேசுன பேச்சு என்னாச்சுன்னு. மனுசருக்கு வேலைன்னு வந்துட்டா பழக்கமெல்லாம் எங்க போகுது பாருன்னு ஊட்டுல போயிப் பொலம்பினேன். ஊட்டுக்காரரு, 'நீ எதையாவது மறைக்கறயா'ன்னு கேட்டாரு. அந்தாளுக்கு எப்பவும் எடக்குத்தான்.

இப்படியே ஆடிப் பதினெட்டு போச்சு, ஆடி வெள்ளி எல்லாம் போச்சு. கடசி நாளும் வந்துருச்சு. பதினொரு மணிக்கு வந்து பாக்கறேன்னு ஓனர் சொல்லியிருந்தாரு. நான் ஒம்பது மணிக்கே போனேன். எனக்கு முன்னால ஆபிதா வந்துட்டா. என்ற கம்ப்யூட்டர்ல இருந்து எந்திரிச்சு அவ எடத்துக்குப் போறா.

உக்காந்து பழக்க தோசத்துல ஸ்டார்ட்ட அமுக்கினேன். பச்சை. கண்ணு, பச்சைங்க. இருபத்தி ரெண்டு நாளா செவப்பையே பாத்த கண்ணுக்குப் பச்சை பட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தொழிலே அதுதான உங்களுக்கு. ஒரு பேரு அடிச்சேன். செல்வன் திருநாவுக்கரசு. கேள்விக்குறி ஒண்ணுகூட இல்லாம அப்படியே தமிழ்ல வந்து நின்னுச்சு. அந்தத் திருநாவுக்கரசு யாருன்னே எனக்குத் தெரியாது, ஆனா எங்க ஊட்டுக் கல்யாணம் மாதிரி சந்தோசப்பட்டேன்.

அப்பறந்தான் எப்படி ஓடுச்சுன்னு ஃபைலத் தொறந்தேன். சுழி அங்கயேதான் இருக்குது. அதுக்கு முன்னால குறுக்கும் நெடுக்குமா ஒரு கட்டம், இந்த ஃபோன்ல இருக்குமே நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், அது ஒண்ணு இருக்குது. ஆபிதா அவ எடத்துல இருந்தே சொன்னா.

"அழிக்கலக்கா. முன்னால ஒரு வேலி போட்டிருக்கறேன். அது இருந்தா மெஷின் அந்த வரியப் படிக்காம அடுத்த வரிக்குப் போயிருமாம். உங்களுக்குச் சாமி அப்படியே இருக்கும்."

எவ்வளவு பதனமாச் செஞ்சிருக்கறா பாருங்க. இப்பச் சொல்றப்ப எனக்குப் புரியுது. அன்னிக்கு என்ன பண்ணினேன் தெரியுங்களா? எனக்குத் தலைக்கு ஏறிப்போச்சு. இத்தன நாளா தப்பு என்றதுலயும் இருந்திருக்குது, அது இவளுக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல. அந்த வெக்கத்துல வாய்க்கு வந்தது வந்துருச்சு.

"என்ற சாமி மேல கைய வெக்கறதுக்கு நீ யாரு?"

சொல்லிப்போட்டேன். சொன்னது எனக்கே கேட்டுச்சு. பின்னால மெஷின் மேன்கூட நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாரு. அவ மூஞ்சி சின்னதாப் போச்சு. அவ எடத்துல திரும்பி உக்காந்து ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டா. பதினொரு மணி வரைக்கும் அந்தக் கைய எடுக்கவே இல்ல.

ஓனர் வந்தாரு. யாருதுன்னு கேட்டாரு. ஆபிதாதான் சொன்னா, அக்காவோடது ஓடுதுங்கண்ணான்னு. எப்படிம்மா பண்ணுனன்னு எங்கிட்டக் கேட்டாரு. ஒரு குறி போட்டனுங்கன்னேன். பேஷ்னாரு. அப்பறம் ஆபிதாகிட்ட, உன்றது என்னாச்சுன்னாரு. அவ ஸ்டார்ட்ட அமுக்கிக் காட்டினா. செவப்பு. லைன் ஒண்ணு. எனக்கு நல்லாத் தெரியுது, மேல 786 மொட்டையா நிக்குது, வேலி இல்ல. என்றதுக்குப் போடத் தெரிஞ்சவளுக்கு அவளோடதுக்குப் போடத் தெரியாதுங்களா? ஒரு எழுத்துங்க. ஒரு வெரல்ல ஒரு அமுக்கு. எனக்கு வரலீங்கண்ணான்னு சொல்லிப்போட்டா.

நான் பக்கத்துலதான் நின்னேன். கை நீட்டினா அவ கீபோர்டு. எட்டி ஒரு தட்டுத் தட்டியிருந்தா அதுவும் பச்சையாயிருக்கும். நானும் நெனச்சேன், ஆனா இப்பத்தான 'கைய வெக்க நீ யாரு'ன்னு அவளக் கேட்டேன், நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளோடதுல கைய வெக்கறது? அதனால மருவாதிக்குச் சும்மா நின்னுட்டேன். மத்தியானத்துக்குள்ள அவ டம்ளரையும் முதுகுக்கு வெக்கற தலகாணியையும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டா. வாரேங்கக்கான்னா. போயிட்டு வா கண்ணுன்னு சொன்னேனா இல்லையான்னுகூட எனக்கு ஞாபகமில்ல.

ஆவணி பொறந்துச்சு, சைட்டு நல்லாத்தான் ஓடுச்சு. ஊரெல்லாம் ஓனர் என்னையக் காட்டிப் பெருமை பேசறாரு. ஆனா நான் அடிச்சதப் படிச்சுப் பாக்க ஆளில்லீங்க. நானே அடிச்சு நானே படிக்கறேன், எல்லாம் செரியாத்தான் தெரியுது, பத்திரிகை போன பொறவு கல்யாணப் பொண்ணோட அப்பா தப்பக் காட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு. பக்கத்துல அந்த சேரத் தூக்காம அப்படியேதான் போட்டிருக்குது. அதுல நான் என்ற சோத்துப் பையக்கூட வெக்கறதில்ல.

மூணு தடவ அவளுக்குப் போன் பண்ணினேன். அவ தாராபுரத்துல அம்மா ஊட்டுல இருக்கறா. எடுத்த ஒடனே, 'சொல்லுங்கக்கா, ஏதாச்சும் எரருங்களா'ம்பா. இல்ல கண்ணு, சும்மாதான்னு சொன்னா, செரிங்கக்கான்னு வெச்சுருவா. நாலாவது தடவ நெசமாலுமே ஒரு எரரு வந்துச்சு, அதச் சொன்னேன். முக்கா மணி நேரம் பேசினா. பழைய மாதிரியே. இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்கன்னு, நடுவுல ஒருக்கா சிரிக்கக்கூடச் செஞ்சா. எரரு தீந்துச்சு, போன வெச்சுட்டா. அவ அம்மாதான் அப்பறம் எங்கிட்டச் சொன்னாங்க, அங்க ஒரு ஜெராக்ஸ் கடையில கேட்டிருக்கறாளாம், திங்கக்கெழம சேரப் போறாளாம். அங்க சேந்துட்டா அப்பறம் திரும்பி வருவாளுங்களா?

அதுக்குத்தான் இன்னிக்குப் போறேன். சைட்டு நேத்துல இருந்து நின்னு போச்சு. ஆமாங்க, ஆவணி முகூர்த்தத்துல. பாஸ்வேர்டு செரியில்ல, உள்ள விட மாட்டேன்னு டேட்டாபேஸ் சொல்லுது. ஓனர் குதிக்கறாரு. இது எனக்கு ஆகாதுங்க, ஆபிதா வந்தாத்தான் ஆகும், ஒருத்தரால இத வெச்சு ஓட்ட முடியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன். கொஞ்ச நேரம் அந்த சேரப் பாத்தாரு. போயிக் கூட்டிட்டு வா, ரெண்டு பேரும் இருந்து பாருங்கன்னாரு.

அய்யோ, வேண்டாங்க. கண்ணு, அந்த லேப்டாப்ப எடுக்காதீங்க. உங்களுக்குப் பத்து நிமிசத்து வேலைன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் வேண்டாங்கறேன். நீங்க செரி பண்ணிக் குடுத்துட்டா நான் எதச் சொல்லி அவளக் கூட்டியாறது?

சொல்லீர்றேன், நீங்கதான் எறங்கிப் போயிருவீங்களே. அந்தப் பாஸ்வேர்ட மாத்தினதே நாந்தான். ஒரு எடத்துல மாத்திப்போட்டு இன்னொரு எடத்துல விட்டுட்டேன், வேணும்னே. சாயங்காலம் ஓனர் மூஞ்சியப் பாக்கப் பாவமா இருந்துச்சு. செரி, பழையபடி வெச்சுப்போடலாம்னு உக்காந்தேன். அது வேற எங்கயோ போயி மாட்டிக்கிச்சு. இப்ப நெசமாலுமே எனக்குச் செரி பண்ணத் தெரியலீங்க. சிரிங்க, பரவால்ல, நானும் சிரிச்சுக்கறேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சாட்ட இருக்குது. அவ அம்மா ஊடு இங்கிருந்து நடக்கற தூரந்தான். வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன், மொதல்ல என்ன பேசறதுன்னு. எரரப் பத்திச் சொன்னா அவ பைய எடுத்துக்கிட்டுப் பொறப்பட்டுருவா, அது எனக்குத் தெரியும். அப்படி வந்தா அவ எரருக்காக வந்தவளாத்தான் இருப்பா.

கண்ணு, உங்ககிட்ட இத்தன நேரமா மருவாதி மருவாதின்னு சொன்னனல்ல. அதுவும் கொஞ்சம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த சேரு எனக்கு வேணும்னுதான் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அவளுக்கும் அந்த சேரு வேணுந்தான், இருந்தும் வந்து வேலி போட்டுக் குடுத்தா. மொதல்ல அதச் சொல்லிப்போடோணும். உன்ற தப்பு எங்கன்னு ஆடியிலயே எனக்குத் தெரியும் ஆபிதா, தெரிஞ்சுதான் சொல்லல, அப்படின்னு வாசப்படியிலயே நின்னு சொல்லிப்போடோணும். அதக் கேட்டுட்டு உள்ள வாங்கக்கான்னு சொன்னாள்னா, எரரப் பத்தி அப்பறம் பேசிக்கறேன். அவ அப்படிச் சொல்லாமப் போனா சைட்டு அப்படியே நிக்கட்டும், நான் திரும்பிப் போயி ஓனர்கிட்ட அந்த வேலி யாரு போட்டதுன்னு சொல்லிப்போடறேன்.

கொஞ்சம் கால மடக்கிக்குங்க கண்ணு, எறங்கிக்கறேன்.